ஆறு நிமிடம் ஓடும் ரம்பம்

என்னிடம் மரம் அறுக்கும் மெஷின்கள் பதினொன்று இருக்கின்றன. மரம் ஒன்றுகூட இல்லை. அரிமளத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்பக்கம் ஒரு முருங்கை இருந்தது. அதையும் வீட்டுக்காரர் போன ஆடியில் கையாலேயே ஒடித்துப் போட்டுவிட்டார். முருங்கைக்கு மெஷின் தேவையில்லை, முறைத்துப் பார்த்தாலே போதும்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். பழைய செயின்சாக்களை வாங்கி, பிரித்து, கழுவி, மறுபடியும் ஓடவைப்பது என் பொழுதுபோக்கு. இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அத வச்சு என்ன பண்ணுவீங்க?" ஒன்றும் பண்ண மாட்டேன். ஓடுகிறதா என்று பார்ப்பேன். ஓடினால் நிறுத்தி, துடைத்து, அலமாரியில் வைப்பேன். என் மனைவி இதை நோய் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. உறவுக்காரர்கள் வந்தால் அவர்களுக்குப் புரியும்படி ஒரு பார்வை மட்டும் பார்ப்பாள். மனசு சரியில்லாத நாளில், "ஊர்ல அவனவன் மீன் வளக்குறான், கிளி வளக்குறான். எனக்கு வாய்ச்சது பெட்ரோல் நாத்தம்" என்பாள். மீனுக்குத் தினமும் தீனி போட வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும்.

இதெல்லாம் ஆரம்பித்தது கஜா புயலுக்குப் பிறகுதான். அந்தப் புயலில் எங்கள் மாவட்டத்தில் நின்ற மரத்தைத்தான் எண்ண முடிந்தது. தென்னை, பலா, முந்திரி, புளி என்று வீட்டு மேலேயும் ரோட்டு மேலேயும் கிடந்தன. அதுவரை செயின்சா என்ற சொல்லையே கேள்விப்படாத வீடுகள் அவசரம் அவசரமாக ஆளுக்கொன்று வாங்கின. இரண்டு மாதம் ஊரெங்கும் ஒரே இரைச்சல். வேலை முடிந்ததும், உள்ளே இருந்த பெட்ரோலோடு அப்படியே தூக்கிக் கட்டிலுக்கு அடியிலும் மாட்டுக்கொட்டகைப் பரணிலும் போட்டுவிட்டார்கள். பெட்ரோல் உள்ளேயே கெட்டுப் பிசினாகிப் போனது. இரண்டு வருஷம் கழித்து யாருக்கோ ஞாபகம் வந்து கயிற்றை இழுத்தால், மெஷின் இருமக்கூட இல்லை. உடனே தீர்ப்பு: "மட்ட மாலு. அப்புடித்தான் இருக்கும்." அப்படித் தீர்ப்பு சொல்லப்பட்டவைதான் என்னிடம் வந்து சேர்ந்தன.

மெஷின் தானாகக் கெடுவதில்லை என்பது என் கட்சி. மனிதர்கள் கெடுக்கிறார்கள். பெட்ரோலோடு கலக்க வேண்டிய ஆயிலைக் கலக்காமல் பச்சைப் பெட்ரோலை ஊற்றிப் பிஸ்டனைக் கருக்குவார்கள். செயினுக்கு ஊற்றும் எண்ணெய் தீர்ந்தால் தேங்காயெண்ணெய் ஊற்றுவார்கள். செயினைத் திருப்பி மாட்டிவிட்டு, "அறுக்க மாட்டேங்குது சார், பொகைதான் வருது" என்று ஒருவர் கொண்டுவந்தார். அவர் பக்கத்துப் பள்ளியில் தலைமை ஆசிரியர். குரங்கு கையில் பூமாலை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னேன். அவள் அதை அவர் மனைவியிடம் சொல்லிவிட்டாள்.

எனக்கென்று ஒரு முறை உண்டு. எந்த மெஷின் வந்தாலும் முதல் வேலை கழுவுவது. என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்பே கழுவிவிடுவேன். ஒரு தட்டில் பெட்ரோல், ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஒரு பெயின்ட் பிரஷ். மரத்தூள், பிசின், எண்ணெய்ச் சேறு, எறும்புப் புற்று, ஆயுத பூஜைச் சந்தனம் எல்லாம் போய், உள்ளே இருக்கும் நிறம் தெரிந்த பிறகுதான் திருகாணியில் கை வைப்பேன். அழுக்கு மெஷினைத் தொடுவதற்கே எனக்குப் பிடிக்காது. இந்தச் சுத்தத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை ஒரு பெண் சாக்குப்பையோடு வாசலில் நின்றார். நாற்பது வயது இருக்கும். பஸ்ஸில் வந்திருந்தார். பையில் இருந்தது பெரிய மெஷின், பழையது, புயலுக்கெல்லாம் முந்தினது. இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் சாமான் இல்லை. பார்த்ததுமே எனக்குக் கை பரபரத்தது.

"சார், மரம் அறுக்குற மிஷினு சரி பண்ணுவீங்களாமே."

"விக்கிறீங்களா?"

"இல்லங்க. ஓட்டணும்."

"யாரு ஓட்டப் போறா?"

"நாந்தான்."

அவர் கணவர் தைலமரம் அறுப்பவர். அரிமளத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் தைலமரக் காடுதான். பகுதி பகுதியாக வெட்டுவார்கள். வெட்டு நடக்கும் பகுதிக்குக் கூப்பு என்று பெயர். ஒரு மேஸ்திரியின் கீழ் பத்துப் பேர் போவார்கள். சொந்த மெஷின் உள்ளவன் அறுப்பான். மற்ற ஆண்கள் இழுத்துப் போட்டு அடுக்குவார்கள். பெண்கள் வெயிலில் உட்கார்ந்து பட்டை உரிப்பார்கள். அறுக்கிறவனுக்கு உள்ள பங்கு வேறு, பட்டை உரிப்பவளுக்கு உள்ள கூலி வேறு.

"வீட்டுக்காரரு போயி எட்டு மாசம் ஆச்சு சார். காமாலை. கடைசி ரெண்டு மாசம் அவருக்கு முடியல. பக்கத்துல ஒக்காந்திருப்பாரு, நாந்தான் அறுத்தேன். யாரும் பாக்காத பக்கமா" என்றார். "இப்ப நான் பட்டை உரிக்கிறேன். மக நர்ஸு படிக்கணுங்கிறா. பட்டை உரிச்சு அதெல்லாம் ஆகாது. மேஸ்திரிகிட்டக் கேட்டேன். மிஷினு இருந்தா வந்து அறுத்துக் காட்டு, பாப்போம்னாரு."

சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் அதற்குள் மெஷினைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் டேங்கின் வாயில் மூடி இல்லை. வேப்பங்கட்டையைச் செதுக்கி, கிழிந்த வேட்டித் துணியைச் சுற்றி, அடித்து இறுக்கியிருந்தார்கள்.

"இதென்ன கண்றாவி?" என்றேன்.

"மூடி ஒடஞ்சு போச்சு சார். அவரு செதுக்கினது. நல்லாத்தான் ஓடுச்சு."

நல்லாத்தான் ஓடுச்சு என்ற வாக்கியத்தை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். செத்த மெஷின் ஒவ்வொன்றும் அதற்கு முதல் நாள் வரை நல்லாத்தான் ஓடியிருக்கிறது.

மூன்று வாரம் அந்த மெஷினோடுதான் வாழ்ந்தேன். எட்டு மாதப் பழைய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பாகு மாதிரி காய்ந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்தேன். உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர்த் தகடு அப்பளமாக விறைத்திருந்தது, மாற்றினேன். செயினின் ஒவ்வொரு பல்லையும் அரத்தால் ராவினேன். ஆனால் என் மனசு முழுக்க அந்த மூடியில்தான் இருந்தது. மூன்று சனிக்கிழமை புதுக்கோட்டைக்குப் போய்ப் பழைய இரும்புக் கடைகளைக் குடைந்தேன். மூன்றாவது சனிக்கிழமை, அதே மாடல் மெஷினின் சடலம் ஒன்று சைக்கிள் பிரேம்களுக்கு அடியில் கிடந்தது. அதில் அசல் மூடி இருந்தது. ரப்பர் வளையத்தோடு, நடுவில் குண்டூசி மட்டுமே நுழையும் காற்றுத் துளையோடு. கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அந்த மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் வரும்போது நாலு தடவை எடுத்துப் பார்த்தேன்.

மூடியைத் திருகியபோது மெஷினுக்கு முழுமை வந்துவிட்டது. வேப்பங்கட்டை அடைப்பானைத் துணியோடு குப்பையில் போட்டேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

அந்தப் பெண் வந்து பார்த்தார். கொல்லையில் வைத்து ஓட்டிக் காட்டினேன். ஒரே இழுப்பில் பிடித்தது. அவர் முகத்தில் அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். மூடியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அந்தக் கட்டை?" என்றார்.

"அது எதுக்கும்மா இனிமே? இது கம்பெனி மூடி."

அவர் மூடியை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். சாக்குப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் அதே சாக்குப்பை திரும்பி வந்தது.

"ஆறு நிமிஷம் ஓடுது சார். அப்புறம் நின்னுருது. கொஞ்சம் பொறுத்து இழுத்தா மறுபடி ஆறு நிமிஷம்."

"ஆறு நிமிஷம்னு எப்படித் தெரியும்?"

"மேஸ்திரி வாட்ச்ல பாத்தாரு."

மெஷினை வாங்கியதும் என் வழக்கப்படி கழுவினேன். பெட்ரோல் தட்டு, பல் பிரஷ், பெயின்ட் பிரஷ். பளபளவென்று ஆனதும் கொல்லையில் வைத்து ஓட்டினேன். ஆறு நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். விட்டு விட்டு அரை மணி நேரம் ஓடவிட்டேன். எங்கேயும் அது தானாக நிற்கவில்லை. சூடானால் கரன்ட் கொடுக்கும் காயில் செத்துப்போவது இந்த மெஷின்களில் சகஜம். எதற்கும் இருக்கட்டும் என்று அலமாரியில் இருந்த என் மெஷின் ஒன்றின் காயிலைக் கழற்றி இதில் மாட்டினேன். இதை நான் சாதாரணமாக யாருக்கும் செய்வதில்லை. "இனிமே நிக்காது" என்று சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை மறுபடியும் வந்தார். ஆறு நிமிடம்.

நான் மறுபடியும் கழுவினேன், மறுபடியும் ஓட்டினேன். டேங்க் காலியாகும் வரை ஓடியது. என் கொல்லையில் அதைவிட ஒழுக்கமான மெஷின் கிடையாது. எனக்கு எரிச்சல் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பழமொழியை விழுங்கிவிட்டு, அதைவிட மோசமாக ஒன்றைச் சொன்னேன்.

"மிஷின்ல ஒரு கொறையும் இல்லம்மா. கொறை ஓட்டுற கையில இருக்கு."

அவர் மெஷினைச் சாக்குக்குள் இறக்கிக்கொண்டே சொன்னார்: "பொம்பளை கைக்கு ஓடாதுன்னுதான் அங்கிட்டும் சொல்றாங்க. வர்ற திங்கக்கிழமைதான் கடைசின்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. சொந்த மிஷினோட வேற ஆளு வர்றானாம். திங்கக்கிழமையும் ஓடலேன்னா இத ஒங்ககிட்டயே குடுத்துடுறேன் சார். பன்னெண்டாவதா வச்சுக்குங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் அப்படியே ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "ஒங்க மிஷினு நல்லாருக்குன்னு சொல்லணுங்கிறதுக்காக அந்தப் புள்ளைய மட்டம் தட்டிட்டீங்க" என்றாள்.

"நானே ஓட்டிப் பாத்தேன்ல? நிக்கலையே."

"நீங்க கொல்லையில ஓட்டிப் பாத்தீங்க. அது நிக்கிறது கூப்புல. கூப்புலல்ல போயிப் பாக்கணும்?"

இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இது எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமைக்குத் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் போனில் கூப்பிட்டு, "வீட்ல யாருக்கும் ஒடம்பு சரியில்லையா சார்?" என்று விசாரித்தார். வீட்டில் எல்லோரும் நலம் என்றேன். அது உண்மையும்கூட.

காலை ஆறரை மணிக்கு வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் நடந்தேன். தைலமரக் காட்டில் காலை வாசனை, ஜலதோஷம் பிடித்த ஆளுக்குப் பக்கத்தில் படுத்திருப்பதுபோல இருக்கும். சருகு காலடியில் நொறுங்கியது. வெட்டு நடக்கும் இடத்தில் நாலு ஆண்களும் ஐந்தாறு பெண்களும் தூக்குவாளியைத் திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். தலையில் துண்டு, கையில் வாட்ச். என்னைப் பார்த்து, "நீங்கதான் அந்த வாத்தியாரா?" என்றார். நான்தான் என்றேன்.

"ஒங்க வேலையக் கொறை சொல்லல சார். ஆனா ஆறு நிமிஷத்துக்கு ஒருக்கா நின்னா லோடு என்னைக்கு ஏத்துறது? அந்தப் பொண்ணும் கஷ்டப்படுது, பாவமாத்தான் இருக்கு. பாவம் பாத்தா லாரி நிக்குமா?"

கெட்ட மனிதர் இல்லை. லாரியும் உண்மைதான்.

அந்தப் பெண் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டைக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வாங்க சார்" என்றார். ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. மெஷினை ஒரு வெட்டுக்கட்டை மேல் வைத்தார். மடியிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். அதில் ஒரு பக்கம் குழைத்த சந்தனம், ஒரு பக்கம் குங்குமம். மோதிர விரலால் சந்தனத்தை வழித்து, பெட்ரோல் மூடியின் நடுவில் வட்டமாக அப்பினார். அதன் மேல் குங்குமத்தை வைத்து அழுத்தினார். தொட்டுக் கும்பிட்டார். பிறகு கயிற்றை இழுத்தார்.

இத்தனையும் என் கண் முன்னால்தான் நடந்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான் கையில் பிளக் ஸ்பேனரோடு, காதைத் தீட்டிக்கொண்டு, எஞ்சின் சத்தத்தில் கோளாறு தேடிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அவர் அறுத்தது அழகாக இருந்தது. மரம் விழ வேண்டிய பக்கம் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டினார். பிறகு எதிர்ப்பக்கம் போய், மெஷினை அழுத்தாமல், அதன் கனத்திலேயே இறங்கவிட்டார். மரம் சொன்ன இடத்தில் விழுந்தது. அடுத்த மரம், அதற்கடுத்தது. கையில் குறை என்று சொன்னேனே, அந்தக் கையில் ஒரு குறையும் இல்லை. நான் பதினோரு மெஷின் வைத்திருக்கிறேன், இப்படி ஒரு மரம் அறுக்க எனக்குத் தெரியாது.

மேஸ்திரி வாட்சைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஐந்து நிமிடம் தாண்டியதும் சத்தம் மெலிந்து கீச்சென்று ஏறியது, இறங்கியது, நின்றது. பாதி அறுத்த மரம் அப்படியே நின்றது. ஆண்களில் ஒருவர், "ஆறு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டார். போனை எடுத்தார். அந்த இன்னோர் ஆளுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தப் பெண் மெஷினைக் கீழே வைத்து, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினார். உஸ்ஸ் என்று ஒரு சத்தம், நீளமாக. டேங்க் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்.

நான் குனிந்து அவர் கையிலிருந்து மூடியை வாங்கினேன். சந்தனம் எஞ்சின் சூட்டில் காய்ந்து, சுண்ணாம்புப் பூச்சு மாதிரி இறுகியிருந்தது. துளை இருந்த இடமே தெரியவில்லை.

பால் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் பால் வராது. காற்று போக எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட வேண்டும். அதே கணக்குதான். பெட்ரோல் வெளியே போகப் போக, அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். துளை அடைந்தால் டேங்க் இறுகிக்கொள்ளும், பெட்ரோல் வராது, மெஷின் நிற்கும். மூடியைத் திறந்து காற்று போனதும் மறுபடி ஓடும். இன்னொரு ஆறு நிமிடம்.

என்னிடம் வந்தபோதெல்லாம் ஏன் நிற்கவில்லை? நான்தான் முதல் வேலையாகக் கழுவிவிட்டேனே. கோளாறைப் பிரஷ் போட்டுத் தேய்த்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, கோளாறே இல்லை என்று சாதித்திருக்கிறேன். நான் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் வீட்டில் புது வண்டி வாங்கினால் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். தண்ணீர் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். வேலை தொடங்குமுன் தினமும் ஒருவர் மெஷினுக்குப் பொட்டு வைப்பார் என்பதே என் புத்தியில் இல்லை. மெஷினில் இருந்த சந்தனத்தை நானே இரண்டு தடவை சுரண்டி எடுத்திருக்கிறேன். எனக்கு அது எண்ணெய்ச் சேற்றோடு சேர்ந்த அழுக்கு.

அதோடு போகவில்லை. அவர் கணவர் செதுக்கிய வேப்பங்கட்டையின் மேல் எவ்வளவு சந்தனம் அப்பினாலும், சுற்றியிருந்த துணி வழியாகக் காற்று போய்க்கொண்டே இருந்திருக்கும். அந்த மெஷின் அவருக்கும் ஓடியிருக்கிறது, இந்தப் பெண்ணுக்கும் ஓடியிருக்கிறது. நல்லாத்தான் ஓடியிருக்கிறது. மூன்று சனிக்கிழமை அலைந்து, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக்கி வைத்தவன் நான்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. அந்த வெட்கத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"மேஸ்திரி, போனை வைங்க" என்றேன். வகுப்பில் கத்துகிற குரல் வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். "தப்பு என்னோடது. நான் போட்ட மூடியிலதான் கோளாறு. இவுங்க கையில ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை இவுங்ககிட்ட நான் சொன்னதும் தப்பு. இன்னும் ஒரு தடவை ஓட்டட்டும்."

மேஸ்திரி என்னையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓட்டட்டும்" என்றார். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

பட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் ஊக்கு கேட்டேன். சேலையிலிருந்து கழற்றிக் கொடுத்தார். பெட்ரோலில் நனைத்த துணியால் மூடியைத் துடைத்து, ஊக்கு முனையால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து, வாயால் ஊதிப் பார்த்தேன். காற்று போனது. மூடியை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, துளையைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"பொட்டாலதாம்மா நிக்குது. இதுல பொட்டு வைக்காதீங்க."

அவர் மூடியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்குத்தான் வைக்கக் கூடாதுன்னாங்க. இதுக்குமா சார்?"

அப்போதுதான் நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். அத்தனை நாள் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றிருக்கிறார். நான் மெஷினைத் தவிர வேறெதையும் பார்த்திருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவருக்கு வைக்கக் கூடாது என்று சொன்னவர்கள் யாரும் அங்கே இல்லை, நான்தான் இருந்தேன்.

"அப்புடி இல்லம்மா" என்றேன். "தாராளமா வைங்க. தெனமும் வைங்க. இது மூச்சு விடுற எடம், இங்க மட்டும் வேணாம். நெத்தியில வைங்க."

"இதுக்கு நெத்தி எங்கிட்டு இருக்கு?"

பதினோரு மெஷின்களைக் கடைசித் திருகாணி வரை பிரித்தவன் நான். எனக்குத் தெரியவில்லை. மெஷினைத் தூக்கி அப்படியும் இப்படியும் திருப்பினேன். கடைசியில், கைப்பிடிக்கு முன்னால் பிளக்கை மூடியிருக்கும் மேல்தகட்டைக் காட்டினேன். அகலமாக, வழவழப்பாக, துளை எதுவும் இல்லாமல் இருந்தது.

"இங்க."

அவர் டப்பாவைத் திறந்தார். தகட்டின் நடுவில் சந்தனத்தை வட்டமாக வைத்தார். குங்குமத்தை எடுத்து அதன் மேல் வைத்தார். முன்னைவிட நிதானமாக, கோணாமல் வைத்தார். விரலில் கொஞ்சம் குங்குமம் மிச்சம் இருந்தது. அந்த விரலை ஒரு நொடி பார்த்தார். பட்டை உரிக்கிற பெண்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கயிற்றை இழுத்தார்.

பாதியில் நின்ற மரம் விழுந்தது. அடுத்ததற்குப் போனார். நான் வாட்சைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. ஐந்து. ஆறு. ஆறு நிமிடம் ஆனதும் ஆண்கள் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். ஏழு ஆனது. எட்டு ஆனது. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. தைலமரக் காட்டில் கண் கலங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

டேங்க் தீரும் வரை ஓடியது. நின்றபோது காட்டில் ஒரு சத்தமும் இல்லை. மேஸ்திரி போனைச் சட்டைப் பையில் போட்டார். பெண்கள் பக்கம் திரும்பி, "ஏத்தா, பட்டை உரிக்க நாளைக்கு வேற ஆளு கூட்டிக்கிட்டு வாங்க. இந்தம்மா இனிமே அங்கிட்டு வராது" என்றார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெஷின் சூடு ஆறும் வரை வெட்டுக்கட்டையில் உட்கார்ந்திருந்தார். பிறகு கேனை எடுத்து, மூடியைத் திருகி, பெட்ரோலை ஊற்றினார். கண் கேனில் இல்லை, விழுந்து கிடந்த மரங்கள் மேல் இருந்தது. பாதி உள்ளே போனது, பாதி மெஷின் மேலெல்லாம் வழிந்து சருகில் இறங்கியது. பெட்ரோலைச் சிந்தினால் நான் யாரையும் சும்மா விட்டதில்லை. அன்று வாயைத் திறக்கவில்லை.